அச்சில் விழாத கழித்தல் குறி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சித்தூரில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு தமிழ்ப் பள்ளியின் கணக்குப் பரீட்சைத் தாளை நான்தான் கோத்தேன். தமிழ் எழுத்துகள் புதியவை. எண்களும் குறிகளும் பழைய பெட்டியில் தேய்ந்து கிடந்தவை. கையால் அழுத்தி எடுத்த புரூஃபில் எல்லாமே பதிந்திருந்தன.

"மெஷின்ல வர்ற முதல் தாளையும் பாத்துருங்க அம்மிணி" என்றார் மெஷின் ஓட்டும் பழனியண்ணன்.

"படிச்சவளுக்கு ஒருக்கா பாத்தாப் போதுமுங்கண்ணா" என்றேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் தாள்களைக் கட்டி வைத்தோம். பள்ளி ஆள் வரும் நேரம். மிஞ்சிய தாளொன்றில் கை துடைக்கப் போனவள் அப்படியே நின்றேன். இரண்டு எண்களுக்கு நடுவே வெறும் இடம். கட்டுகளைப் பிரித்தேன். ஒரு தாளிலும் கழித்தல் குறி இல்லை.

சொன்னால் வேலை போகும். வேலை போனால் அப்பா தங்கச்சியைப் படிக்க விடமாட்டார். சொல்லாவிட்டால் அத்தனை பிள்ளைகளும் தப்பான கணக்கைப் போடுவார்கள்.

பழனியண்ணனிடம் சொன்னேன்.

"படிச்ச கண்ணுக்கும் தெரியலீங்களா?" என்றவர், நல்லவேளையாகப் பிரிக்காமல் வைத்திருந்த அச்சைத் திருப்பினார். "எழுத்து உசரம், குறி குட்டை. கையில அழுத்துனா விழும், மெஷின்ல விழாது. அடியில காயிதம் வெச்சுத் தூக்கோணும்."

மெல்லிய தாளை நறுக்கிக் குறிகளுக்கு அடியில் ஒட்டினோம். பள்ளி ஆள் வாசலில் காத்திருக்க, மெஷின் மறுபடி ஓடியது. முதல் தாளைப் பழனியண்ணன் என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு கணக்காக விரல் வைத்துப் பார்த்தேன்; குறிகள் எல்லாம் விழுந்திருந்தன.

வேலை போகவில்லை. ஆனால் இப்போதும் முதல் தாள் வந்தால், எண்களுக்கு நடுவே உள்ள இடத்தைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.