அட்டையில் வேறொரு பெயர்

பழனியப்பனின் பெயரை மொரிதா சான் படித்தபோது ஷாமினிக்குக் கை எழவில்லை. சுற்றி நின்ற நூற்று இருபது பேரும் தட்டினார்கள். பக்கத்தில் நின்ற ஜெய்னம்பு முழங்கையால் ஓர் இடி இடித்த பிறகுதான் அவளும் இரண்டு தட்டு தட்டினாள். அதற்குள் மற்றவர்கள் ஓய்ந்துவிட்டதால் அந்த இரண்டும் தனியாகக் கேட்டன.

ஈப்போவுக்கு வெளியே, கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் ஜப்பான்காரர் தொழிற்சாலை அது. மொரிதா சான் அதன் மேலாளர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அங்கிருந்து ஒரே ஓர் ஆளை நகோயாவுக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். போய் வந்தவர் அப்புறம் லைனில் நின்று ஒயர் கோக்க வேண்டியதில்லை. பயிற்சி அதிகாரி என்று தனி மேசை, தனி நாற்காலி. முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் மனுவே போட முடியாது. ஷாமினிக்கு இப்போது முப்பத்து நான்கு. அடுத்த வாய்ப்பு வரும்போது முப்பத்தாறு.

பழனியப்பனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் மொரிதா சான் மேடையிலேயே சொன்னார். கையில் நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு ஜப்பானியச் சொற்றொடர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கில அர்த்தம். ஜப்பானிய மொழியை இவ்வளவு மதிக்கிற ஓர் ஊழியரைத் தான் பார்த்ததில்லை என்றார்.

அந்த நானூற்றுப் பன்னிரண்டையும் சேர்த்தவள் ஷாமினி.

தொழிற்சாலையில் தினமும் காலை ஏழே முக்காலுக்கு ஒரு கூட்டம் உண்டு. ஜப்பானியர் அதைச் சோரெய் என்பார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது ஒன்றும் புதிசு இல்லை. அப்பா அம்மா இருட்டோடு போய் வரிசையில் நின்ற பெரட்டுதான் அது. தலையில் தொப்பியும் காலில் கனத்த சப்பாத்தும் மட்டும் வேறு. இந்தப் பெரட்டில் வெள்ளைப் பலகையில் ஆங்கில எழுத்தில் ஒரு ஜப்பானியச் சொற்றொடரும், அதன் கீழே ஆங்கில அர்த்தமும் எழுதியிருக்கும். ஒருவர் முன்னே நின்று படிக்க, மற்றவர்கள் மூன்று முறை திருப்பிச் சொல்ல வேண்டும். நேப்பாளி, வங்காளதேசி, மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் ஆங்கிலம்தான் பொது என்று எங்கேயோ உட்கார்ந்திருக்கும் யாரோ முடிவு செய்திருந்தார்கள். அர்த்தம் தெரிந்து சொன்னவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் பலகையில் இருப்பதை முழுசாக ஒப்பித்துவிட்டு லைனுக்குப் போவார்கள்.

மூன்று வருஷமாகப் பலகையில் எழுதுவது ஷாமினியின் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கொடுத்தார்கள். ஆபீசிலிருந்து ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். அவளோ சுங்காய் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, ஐந்தாம் படிவத்தோடு நின்றவள். ஜப்பானியம் புரியவில்லை என்று அர்த்தத்தைப் பார்த்தால், அர்த்தம் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கு இன்னோர் அகராதி. 'நெகோ நோ தெ மோ கரிதாய்' என்பதற்கு எதிரே 'மிகவும் வேலையாக இருப்பது' என்று ஆங்கிலத்தில் வறட்டுத்தனமாகப் போட்டிருந்தது. கேன்டீனில் ஒரு ஜப்பான் எஞ்சினியரைப் பிடித்துக் கேட்டாள். அவர் இரண்டு கையையும் பூனைபோல மடக்கிக் காட்டினார். பூனையிடம்கூடக் கை இரவல் கேட்கிற அளவுக்கு வேலையாம்! அன்று லைனில் அதைச் சொன்னபோது பெண்கள் சிரித்த சிரிப்பில் மெஷினே நின்றுவிடும் போலிருந்தது. சாயங்காலம்வரை எல்லாரும் நெகோ நெகோ என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

சொற்றொடர்களைக் குறித்து வந்த நோட்டில் அன்றைக்கே மூன்றாவது பத்தி ஒன்று போட்டாள், தமிழுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் புந்தோங் கணினிக் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள். தமிழ்ப் பத்தி வேண்டாம் என்று ஆபீசில் சொன்னதால் அதை மட்டும் எடுத்துவிட்டாள். அதைப் புத்தகமாக முந்நூறு பிரதி அடித்தார்கள். அட்டையில் 'தயாரிப்பு: பழனியப்பன், சூப்பர்வைசர்' என்று இருந்தது. அந்த வரியையும் அவளேதான் தட்டச்சு செய்தாள்.

கூட்டம் கலைந்ததும் பழனியப்பன் நேராக அவளிடம் வந்தான். அவளைவிட ஒரு வயதுதான் மூத்தவன், சிரித்த முகம்.

"ஷாமினி, டீ நேரத்துல ஒரு அரை மணி ஒதுக்கு. அந்தப் புக்குல இருந்து ஒரு அம்பது வார்த்தைய என் மண்டையில ஏத்தி விடு. அங்க போயி முழிச்சேன்னா மானம் போயிரும்லா."

"புக்கு போட்டதே நீங்கதானே, அண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

அவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

"என்னா, கோவமா?"

"இல்ல. சந்தோசம்."

"இங்க பாரு. என் பேரப் போடுன்னு நானா கேட்டேன்? நீயா வந்த. 'அண்ணே, செக்சனுக்குப் பெரியவரு நீங்க, உங்க பேரு இருந்தாத்தான் முறை'ன்னு சொன்ன. சொன்னியா இல்லியா?"

சொன்னாள்தான்.

"மொரிதா சான் உங்ககிட்ட கேட்டப்ப நெசத்தச் சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டாரு. ஜப்பான்ல என்னமோ நீளமா கேட்டாரு. ஹாய், அதான் ஆமான்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச ஜப்பான் வார்த்தை அது ஒண்ணுதான்லா!"

அவளுக்கு அவனை அறையலாம்போல இருந்தது. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

கேன்டீனில் ஜெய்னம்பு சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"அடியே, புள்ளையப் பெத்தது நீ, பொறந்த சூரா பத்திரத்துல பேரு அவனுக்கா? நல்ல கூத்து இது."

"முறைன்னு நெனச்சேங்க்கா."

"என்னா முறை? மொரிதா சான்கிட்ட போயி வாயத் தொறந்து சொல்லு. நானூறு தெரியும்ல, அதுல ஒரு நாலு வார்த்தைய எடுத்து விடு. அந்த மனுசன் ஆடிப் போயிருவாரு."

இரண்டரை மணிக்கு ஷாமினி ஆபீஸ் கதவைத் தட்டினாள். 'ஷித்சுரெய் ஷிமாசு', இடைஞ்சலுக்கு மன்னிக்கவும் என்று முறைப்படி சொல்லி உள்ளே போனாள். அந்தப் புத்தகத்தைச் செய்தது நான்தான் என்று ஜப்பானியத்திலேயே சொன்னாள்.

மொரிதா சான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். புத்தகத்தை நடுவில் பிரித்து ஏதோ ஒன்றைப் படித்தார். அவள் அர்த்தம் சொன்னாள். இன்னொரு பக்கம் புரட்டினார். அதற்கும் சொன்னாள். பத்து முறை கேட்டார், பத்துக்கும் பதில் வந்தது. அவர் நம்பிவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

பிறகு அட்டையைக் காட்டி, அப்படியானால் இவர் பெயரை ஏன் போட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

அவளுக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. தோட்டத்தில் அப்பாவுக்கு ஒதுக்கிய நெரையில் பாதி ரப்பர் மரத்தைச் சீவியது அம்மா. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்ததும் அம்மா. ஊற்றும்போது மட்டும் "ராமையா பால்" என்று சொல்லி ஊற்றுவாள். பதிவு அப்பா பெயரில். தோட்டத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வேலையை யார் செய்தாலும் பெயர் பெரியவருடையது. அட்டையை அடித்த அன்று ஷாமினி யோசிக்கக்கூட இல்லை. விரல் தானாகப் பழனியப்பன் பெயரைத் தட்டியது.

தெரிந்த சொற்களை வைத்து அதைச் சொல்லிப் பார்த்தாள். ரப்பர் மரம். அம்மா வேலை செய்தாள். அப்பா பெயர் எழுதினார்கள்.

மொரிதா சான் தலையைச் சாய்த்தார். "அப்பா வேலை செய்யவில்லையா?"

"செய்தார். இருவரும் செய்தார்கள்."

"பிறகு ஏன் அப்பா பெயர் மட்டும்?"

தோட்டத்தில் அதுதான் முறை என்றாள்.

பழனியப்பன் பெயர் நகோயாவுக்குப் போய்விட்டது, விசாவுக்கும் எழுதியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார் மொரிதா சான். உண்மையாகவே வருத்தப்பட்டார். எழுந்து நின்று, "எந் நோ ஷிதா நோ சிகராமோச்சி" என்று அவளுக்குத் தலை வணங்கினார்.

புத்தகத்தில் இருநூற்றுப் பதினேழாவது சொற்றொடர். ஆங்கில அர்த்தம், அன்சங் ஹீரோ. நோட்டின் தமிழ்ப் பத்தியில் அவள் எழுதி வைத்திருந்தது: 'வீட்டுத் தரைக்கு அடியில கெடந்து வீட்டையே தாங்குற பலசாலி. வெளிய தெரிய மாட்டான்.' எழுதிய அன்று அது அழகாகத்தான் இருந்தது.

அவளும் பதிலுக்குக் குனிந்து, நன்றி சொல்லிவிட்டு வந்தாள். எதற்கு நன்றி சொன்னோம் என்று படி இறங்கும்போது தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் புந்தோங் வீட்டில் அவள் கணவன் சீனி அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். பஸ் ஓட்டுகிறவன், காலை ஷிப்ட் என்றால் சமையல் அவனுடையது.

"என்னா சொன்னாரு ஜப்பான்காரரு?"

"பலசாலின்னு சொன்னாரு."

"அப்ப கேஸ் தோம்பு மாத்தணும், தூக்கிட்டு வா." அவள் சிரிக்காததைப் பார்த்து அடுப்பைக் குறைத்தான். "விடுலா. நீ போயிருந்தா ஆறு மாசம் நான் மேகி தின்னே செத்திருப்பேன்."

"உன் பஸ்ஸ நீ ஓட்டி, இன்னொருத்தன் பேட்ச்ச மாட்டிக்கிட்டா சும்மா இருப்பியா?"

"சும்மா இருக்க மாட்டேன். ஆனா நானா கழட்டி அவன் சட்டையில குத்திவிட மாட்டேன்லா."

இவனும் சரியாகத்தான் சொல்கிறான். காலையிலிருந்து எல்லாரும் சரியாகவே சொல்கிறார்கள். ஷாமினி போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, ஸ்டோர்ல ஒரு நாளாவது உன் பேருல ஊத்தணும்னு தோணலியா?"

"என்னாடி திடீர்னு? என் பேரு என்னன்னு எவன் கேட்டான்?"

சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டாள், ஆச்சு என்று இவள் பொய் சொன்னாள்.

மறுநாள் காலை ஏழே காலுக்கே பலகைக்கு முன்னால் நின்றாள். அன்றைய பட்டியலில் இருந்ததை விட்டுவிட்டு, 'ஹரா கா தாட்சு' என்று எழுதினாள். வயிறு எழுந்து நிற்கிறது என்பது சொல்லுக்குச் சொல். அதன் கீழே 'டு கெட் ஆங்ரி' என்று ஆங்கில அர்த்தம். அதற்கும் கீழே, சிவப்பு மையில், அடையாள அட்டையில் இருக்கிறபடி தன் பெயரை அப்பா பெயரோடு முழுசாக எழுதினாள்.

அன்று படிக்கும் முறை ஒரு நேப்பாளித் தொழிலாளிக்கு. எந்த வரியோடு நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இருந்ததை எல்லாம் உரக்கப் படித்தான்.

"ஹரா கா தாட்சு! டு கெட் ஆங்ரி! ஷாமினி ராமையா!"

நூற்று இருபது பேரும் வழக்கம்போலத் திருப்பிச் சொன்னார்கள். மூன்று முறையும் சத்தம் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. பழனியப்பன் தன் சப்பாத்தைப் பார்த்தான். மொரிதா சான் பலகையைப் பார்த்து, அப்புறம் அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அர்த்தமும் பேரும் பொருத்தமாத்தான்டி இருக்கு," என்றாள் ஜெய்னம்பு, உதடு அசையாமல்.

ஷாமினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பெயர் கூரைவரை போனது. நகோயா விமானத்தில் அது ஏறாது. மணி அடித்தது. எல்லாரும் லைனுக்கு நடந்தார்கள், அவளும் நடந்தாள். டீ நேரத்தில் பழனியப்பன் நீலப் புத்தகத்தோடு வந்து நின்றபோது, நேரமில்லை அண்ணே என்று ஒயரைக் கோத்துக்கொண்டே இருந்தாள்.

வேலை முடிந்ததும் பலகையைத் துடைப்பதும் அவள் பொறுப்புதான். அன்று அவள் துடைக்காமல் வீட்டுக்குப் போனாள்.