சாவியைத் தராத மதியம்

மார்ச் 12, புதன்கிழமை. வழக்கம்போல ஒன்பது மணிக்கு ஒரகடத்தில் என் பைக் மெக்கானிக் கடையைத் திறந்தேன். மதியம் 1.25க்கு, பஞ்சர் ஒட்டிய வண்டியை எடுக்க வந்த தொழிலாளி ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். கூலி நூற்றிருபதுதான்.

"ஜிபே பண்ணுப்பா. சில்லறை இன்னா மரத்துலயா காய்க்குது?"

"போன் ரூம்ல கெடக்கு, அண்ணாச்சி. கம்பெனிக்குள்ள விடமாட்டாவ. ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு, லேட்டானா சம்பளம் போயிரும்."

"எல்லாரும் இதையேதான் சொல்லிக்கினு வரீங்க. சில்லறை கொண்டா, சாவி தரேன்."

நாலு கடை ஏறி இறங்கியவர், கிடைக்காமல் கம்பெனிப் பக்கம் ஓடவே ஆரம்பித்துவிட்டார். நூற்றிருபது ரூபாய்க்காக ஒருவரின் ஒருநாள் சம்பளத்தைப் பிடுங்குகிறேனே என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் வண்டியிலேயே துரத்திப்போய் ஏற்றிக்கொண்டேன். 1.58க்கு அவர் கார்டு பதித்ததைப் பார்த்த பிறகே மூச்சு வந்தது. வண்டியை வாசலில் விட்டு, சாவியை அவரிடம் சேர்க்கச் சொல்லிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, நிம்மதியாக நடந்து திரும்பினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, டீக்கடையில் ஆயிரம் ரூபாய்க்குச் சில்லறை மாற்றிக் கல்லாவில் போட்டேன்.