பாதியில் நின்ற கொரியப் படம்

அந்தக் கொரியப் படத்தின் முதல் பாதியைத்தான் எங்கள் வீட்டில் பார்த்தோம். பின்பாதியில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது யாராவது சொல்ல வந்தாலும், புண்ணியமாகப் போகட்டும், சொல்லாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவை கணபதியில் லேத்துப் பட்டறைகள் வரிசையாக இருந்த ஒரு சந்தின் முனையில் எங்கள் வீடு. நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலை. அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடியபின் வீட்டோடு வந்துவிட்டார். அவருக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். எந்தத் தேசத்துப் படமாக இருந்தாலும் சரி. "பேச்சு புரியாட்டி என்ன, அடி புரியுதல்லோ?" என்பார். சின்ன வயதில் எங்கள் இருவரையும் சைக்கிளில் முன்னும் பின்னும் உட்கார வைத்துக் காலைக் காட்சிக்குக் கூட்டிப்போவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவதற்கு அந்தக் குத்துப் படங்கள்தான் காரணம் என்று அம்மா இன்னமும் சாதிக்கிறாள்.

படத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் சங்கிலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அண்ணனின் முதலாளிக்கு அவிநாசிப் பக்கம் தோட்டம் இருந்தது. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அண்ணன்தான் போய்ச் சரிசெய்துவிட்டு வருவான். அப்படிப் போன ஒரு நாள், முதலாளியின் மருமகள் கழற்றி வைத்த தங்கச் சங்கிலியைக் காணோம். அன்றைக்கு அங்கே போன வெளியாள் அண்ணன் ஒருவன்தான். தண்ணீர் கேட்டு அடுக்களை வாசல்வரை போயிருக்கிறான். அது போதாதா?

மறுநாள் காலை முதலாளி, உறவுக்காரர்கள் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. பையன் ஏதோ தெரியாம எடுத்திருந்தாலும் பரவால்லீங்க. குடுத்துட்டா நாங்க ஒரு வார்த்தை கேக்கமாட்டமுங்க" என்றார். ஒருத்தனைத் திருடன் என்று இவ்வளவு பணிவாக எங்கள் ஊரில்தான் சொல்ல முடியும். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுச் சொல்பவர்களிடம் என்ன செய்வது?

அப்பா எழுந்து நின்றார். "எம்பையன் ஒருத்தரு பொருளைத் தொடமாட்டானுங்க. போலீசுக்குப் போறதுன்னாலும் போங்க. இல்லீன்னா நம்ம கருப்பராயன் கோயிலுக்கு வாங்க, கற்பூரம் அடிச்சுச் சொல்லுவான்."

கற்பூரம் அடிப்பது என்றால் எங்கள் பக்கம் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. சாமி முன்னால் கற்பூரத்தை ஏற்றி, நான் செய்யவில்லை என்று சொல்லி, எரிகிற சுடரை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அடித்தால் சாமி கேட்கும். அவனைக் கேட்காவிட்டால் அவன் குடும்பத்தில் ஒருவரைக் கேட்கும்.

அண்ணன் அடித்தான். எல்லாரும் பார்க்க, படாரென்று ஒரே அடி. "சரிங்க, இனி சாமி பாத்துக்கட்டும்" என்று முதலாளி வண்டி ஏறிவிட்டார். திரும்பி வரும் வழியில் அப்பா அண்ணனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாராம். சின்னப் பையனுக்கு வாங்கித் தருவதுபோல வாங்கித் தந்தார் என்று அண்ணன் வீட்டுக்கு வந்து வெட்கத்தோடு சொன்னான்.

அந்த மாதம்கூட முடியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அப்பா மடங்கி விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை வருஷக்கணக்காகச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த மனுஷன் அவர். எங்களுக்குக் காரணம் தெரியும். ஊருக்கும் ஒரு காரணம் தெரிந்திருந்தது.

"கருப்பராயன் சும்மா உடுவாருங்களா?"

இதை வாசலில் நின்று பேசியிருந்தால்கூடப் போகிறது. பேச்சு போனவருக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே பேசினார்கள். ஆரஞ்சுப் பழப் பையோடு வந்த ஒரு சொந்தக்கார அம்மா, "பெத்தவனை இப்படிப் படுக்கப் போட்டுட்டானே" என்று முந்தானையில் கண்ணைத் துடைத்தாள். எனக்கு வந்ததே ஆத்திரம். "உங்க ஆரஞ்சையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்று பையைக் கையில் திணித்து வாசலைக் காட்டினேன். அம்மா என்னை வைதாள். வைது முடித்து அவளே அழுதாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

அண்ணன் அந்தப் பட்டறைக்கு அப்புறம் போகவில்லை. மிக்சி ரிப்பேர் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து காயில் கட்டினான். ஒரு நாள் பொழுதோடு வீட்டுக்கு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டான்.

"அம்மணி, அப்பாவுக்கு எம்மேல சந்தேகம் வந்திருக்குமா?"

"பைத்தியமாண்ணா உனக்கு? அவருதானே கற்பூரம் அடிப்பான்னு சொன்னாரு!"

"அப்பச் சொன்னாரு. இப்ப என்னைப் பாக்கற பார்வையைப் பாத்தியா?"

பார்த்திருந்தேன். அண்ணன் அறைக்குள் வந்தால் அப்பாவின் கண் அவனை விட்டு நகராது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் பிடிபடவில்லை. அப்பாவிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வேண்டும் அண்ணனுக்கு. நீ எடுக்கவில்லை என்று அவர் ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும், ஊர் வாயை அவன் மயிருக்குச் சமமாக நினைத்திருப்பான். அந்த வார்த்தை வரும் வாய்தான் அடைத்துப் போயிருந்தது.

இன்னொரு பயமும் அவனைப் பிடித்துக்கொண்டது. "நான் எடுக்கலதான். ஆனா பக்தியா அடிக்கலையே. கோவத்துல, வீம்புக்கு அடிச்சுப்போட்டேன். அதுக்குத்தான் இப்படி ஆச்சோ?" என்றான். திட்டினேன். ஊர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, செய்யாதவனே தன்னைச் சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டது.

அப்பாவைச் சிரிக்க வைக்க அண்ணனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வீடியோ கடைக்காரர் ஒருவருடைய பழுதான சிடி பிளேயரைச் சரிசெய்து கொடுத்தான். அவர் அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்டைப் படம் ஒன்றும் கொடுத்தனுப்பினார். படம் ஓடினால் அப்பாவின் இடது கை போர்வைக்கு மேல் லேசாகக் குத்தும். அந்தக் கை அசைகிறதா என்றுதான் அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பான். படத்தைப் பார்க்கமாட்டான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்ததுதான் அந்தப் படம். "சைனாப் படம்னு நெனச்சுத்தானுங்க எடுத்தேன், கொரியாவாமா" என்றாராம் கடைக்காரர். பேச்சு கொரிய மொழி, கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. படித்தவள் நான்தானே? வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். பாதி எழுத்து நான் முடிப்பதற்குள் ஓடிவிடும். மீதியைக் குத்துமதிப்பாகச் சொல்வேன்.

கதாநாயகன் ஒரு லாரி டிரைவர். அவனுடைய முதலாளியை யாரோ கொன்றுவிட, பழி இவன் தலையில் விழுகிறது. ஓடுகிறான். விலங்கு போட்ட கையோடு மீன் சந்தைக்குள் புகுந்து அத்தனை பேரையும் அடிக்கிறான். ஓடுகிற ரயிலிலிருந்து குதிக்கிறான். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா, "பாவம், அந்தப் பையன் சோறு தின்னு எத்தனை நாளாச்சோ" என்றாள். அப்பாவின் இடது கை நன்றாகவே குத்தியது. அண்ணன் அன்றைக்கு அப்பாவைப் பார்க்கவில்லை. முதல் முறையாகப் படத்தைப் பார்த்தான்.

டிரைவர் தன் ஊருக்கு வருகிறான். வீட்டுக்குள் போலீஸ் நிற்கிறது. அவன் வேலிக்குப் பின்னால் ஒளிந்து பார்க்கிறான். போலீஸ்காரர் அவனுடைய வயதான அப்பாவிடம் கேட்கிறார். "உங்க பையன்தான் செஞ்சானா?" என்று நான் வாசித்தேன். பெரியவரின் முகம் திரை முழுக்க வந்தது. வாயைத் திறந்தார். படம் நின்றது.

முதல் சிடி முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு படம் இரண்டு சிடியில்தான் வரும். இரண்டாவதை எடுத்துப் போட்டால், தெலுங்கு சாமிப் படம்! நாரதர் தம்பூராவோடு மேகத்தில் நடந்து வந்தார். கடையில் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அம்மாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பாவின் வாய்கூட ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தப் பெரியவர் என்ன அம்மணி சொல்லியிருப்பாரு?"

அதற்கப்புறம் அவன் ஊரைச் சல்லடை போட்டுவிட்டான். காந்திபுரம், டவுன்ஹால், உக்கடம் என்று ஒரு கடை விடவில்லை. படத்தின் பெயரைக்கூட அவனால் சொல்ல முடியாது. லாரி டிரைவர், மீன் சந்தை, ஒரு வயசான அப்பா என்று சொல்லிக் கேட்டிருக்கிறான். கடைக்காரர்கள் சிரித்திருப்பார்கள். கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தான். "மீதிக் கதையை நான் சொல்றனுங்கப்பா" என்று தானாக ஆரம்பித்தான். நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். "அந்தப் பெரியவரு போலீசுகிட்டச் சொல்லிப்போட்டாருங்க. எம்பையனை எனக்குத் தெரியும், அவன் செய்யலைன்னு. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் அதைக் கேட்டுட்டானுங்க. அப்பறம் அவனுக்கு ஓடவே வேண்டியிருக்கலீங்க." பாதிச் சோப்பு நுரையோடு அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அப்பா தன் இடது கையால் அண்ணனின் வலது கையைப் பிடித்தார். கற்பூரம் அடித்த கை. மெல்ல மெல்லத் தூக்கித் தன் உச்சந்தலைக்குக் கொண்டுபோனார்.

தலையில் கை வைத்துச் சொல் என்றால் சத்தியம் செய் என்று அர்த்தம், எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. கை தலையைத் தொடுவதற்கு முன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். சவரக் கிண்ணம் உருண்டது. வெளியே ஓடினான்.

நான் பின்னாலேயே ஓடினேன். சந்தில், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "இன்னொரு சத்தியத்தை எப்படி அம்மணி பண்றது? ஒண்ணு பண்ணினதுக்கே அவரு படுத்துட்டாரு. அவர் தலையிலயே அடிச்சு, இருக்கற உசுரும் போச்சுன்னா?"

நான் உள்ளே வந்தபோது அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. "அப்பா, அண்ணன் பயந்துட்டாருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னுதானுங்க கையை எடுத்துட்டாரு" என்று காதருகே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அண்ணனும் வந்து காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமையிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்து, காய்ந்த சோப்பு நுரையில் இறங்கியது.

நம்பாமல் கேட்டாரா? இல்லை, நீ என் தலையில் கை வை, எனக்கு ஒன்றும் ஆகாது, நீ எடுக்காதவன் என்று எனக்குத் தெரியும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தாரா? எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் அவர் கண்டது ஒன்றுதான். மகன் கையை இழுத்துக்கொண்டான்.

அடுத்த வாரமே இரண்டாவது முறை வாதம் தாக்கி அப்பா போய்ச் சேர்ந்தார். அதுவரைக்கும் அண்ணன் வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஊர் என்ன பேசியது என்று எழுத எனக்கு மனசில்லை. காரியம் முடிந்து, வீடியோ கடைக்காரர் அந்த இரண்டாவது சிடியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். நல்ல மனுஷன். அண்ணன் அதைக் கையில் வாங்கவேயில்லை. "இனி அந்தப் பெரியவர் என்ன சொன்னா எனக்கென்னங்க?" என்றான்.

மழைக்காலம் வருவதற்கு முன் முதலாளியின் தோட்டத்து வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கோட்டைமேட்டிலிருந்து மெத்தை தைக்க வந்த பாய் ஒருவர், தையல் விட்டிருந்த ஒரு மெத்தையின் பஞ்சுக்குள்ளிருந்து சங்கிலியை எடுத்து, "இது உங்களுதுங்களாம்மா?" என்று மருமகள் கையில் கொடுத்திருக்கிறார். தலைமாட்டில் கழற்றி வைத்தது பிரிந்த தையல் வழியாக உள்ளே போயிருக்கிறது. அவள் அதன்மேலேயே அத்தனை நாளும் தூங்கியிருக்கிறாள்.

முதலாளி வந்தார். இந்தத் தடவை தனியாக. காப்பியைத் தொடவில்லை. "தப்பு பண்ணிப்போட்டமுங்க. எதா இருந்தாலும் கேளு கண்ணு. பட்டறைக்கு நாளைக்கே வந்துரு" என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. அதை எங்கப்பாகிட்டச் சொல்லிட்டுப் போங்க" என்றான் அண்ணன்.

மாலை போட்டிருந்த அப்பாவின் படத்தின் முன்னால் முதலாளி போய் நின்றார். மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க பையன் எடுக்கலீங்க" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி நின்றதில் என் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

அவர் போனபின் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் போனான். மாலையை ஒரு பக்கமாக ஒதுக்கி, அந்த வலது கையைக் கண்ணாடிமேல், அப்பாவின் தலை இருந்த இடத்தில் வைத்தான்.

"சத்தியமா நான் எடுக்கலீங்கப்பா" என்றான்.