வாயைப் பொத்திய கை

எண்பதுகளில், ஈஜோக் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சிரிப்பு வந்தபோதெல்லாம் நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். "என்னா அடக்கமான பொண்ணு லா!" என்று மாப்பிள்ளையின் அம்மா அங்கேயே என் தலையில் பூ வைத்துவிட்டார். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! சிறுவயதில் குழாயடியில் வழுக்கி விழுந்து என் முன்பல் பாதி உடைந்திருந்தது. அதை மறைக்கத்தான் அந்தக் கை.

"புடுங்கிட்டுத் தங்கப்பல் கட்டிரலாம்," என்றார் அப்பா. வேர் நன்றாக இருக்கும் பல்லை எதற்குப் பிடுங்குவது? நானே பஸ் ஏறிக் கோலசிலாங்கூர் பல் டாக்டரிடம் போனேன். அவர் ஊசி போடவில்லை, பல்லைத் தேய்த்துக் குறைக்கவுமில்லை. பல் நிறத்திலேயே ஒரு பசையை உடைந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார். கண்ணாடியில் பார்த்தபோது எது பல், எது பசை என்று எனக்கே தெரியவில்லை.

கல்யாணத்தன்று படம் பிடிக்க வந்தவர் சிரிக்கச் சொன்னார். இத்தனை வருடம் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தேன்.

அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பவர் என் மாமியார்.