ஆறு புள்ளிக் கற்கள்

என் அக்காவின் கணவர் நடைபாதை போடும் மேஸ்திரி. இந்த நகரத்தில் மனிதர்கள் கால் வைக்கிற இடத்தையெல்லாம் அவர்தான் மட்டம் பார்த்தார் என்று சொன்னால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பாதி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிறுத்தத்து மேடை, ரயில் நிலையத்துச் சரிவு, வாய்க்கால் ஓரமாகப் போகும் மூன்று கிலோமீட்டர் பாதை எல்லாம் அவர் கை பட்டவை. ஆனால் மனிதர் நடக்க மாட்டார். தெருமுனைக் கடையில் சோப்பு வாங்குவதற்கும் மொபெட்டை உதைப்பார். "ஊரையே நடக்க வைக்கிறாரு, இவரு மட்டும் உக்காந்தே போவாரு" என்று அக்கா அவரை வாருவாள். சமைக்கிறவனுக்குப் பசி இருக்காதுடி என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார்.

வேலையில் மட்டும் மாமாவிடம் விளையாட முடியாது. ஒரு நாள் வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, அன்று போட்ட கல் அத்தனையிலும் வெறுங்காலோடு நடந்து பார்ப்பார். ரசமட்டம் சரியென்று சொன்ன இடத்திலும் அவருடைய குதிகால் சரியில்லை என்று சொல்லும். அவ்வளவுதான், அந்த வரிசை முழுக்கப் பெயர்த்து மறுபடி போட வேண்டும். நாங்கள் எல்லோரும் அவர் காது படாமல் திட்டுவோம். அதிகமாகத் திட்டியவன் நான்தான். கிடங்கிலிருந்து கல்லை வேனில் ஏற்றி இறக்குவது என் வேலை. பெயர்த்தால் இடுப்பு ஒடிவது எனக்கு.

பார்வை இல்லாதவர்களுக்காக நடைபாதையின் நடுவே மஞ்சள் பட்டை ஒன்று ஓடும், பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டே வகைக் கல். நீளக் கோடு போட்டிருந்தால் நேரே போ என்று அர்த்தம். பொட்டுப் பொட்டாகப் புள்ளி இருந்தால் நில், எதிரே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வாய்க்கால் பாதையை ஒரே ஓர் இடத்தில் பஸ் தடம் குறுக்கே வெட்டுகிறது. அங்கே விளிம்பில் இரண்டு வரிசைக்குப் புள்ளிக் கல் வர வேண்டும்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அந்த விளிம்பில் ஆறு கல் குறைந்தது. குறைந்ததற்குக் காரணம் நான். காலையில் கிடங்கில் பெட்டிகளை எண்ணாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, சீக்கிரம் சாப்பிடப் போகலாம் என்று ஓடி வந்தவன். திரும்பப் போனபோது கிடங்கு பூட்டியிருந்தது. இனி திங்கட்கிழமைதான். இன்ஜினியர் கால் மணிக்கு ஒரு தடவை போன் செய்து மாமாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். வேனில் கோட்டுக் கல் மட்டும் ஏராளமாக இருந்தது.

மாமா அந்தப் பள்ளத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கல்லைத் தொடவே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்கு எரிச்சல். "போடுங்க மாமா. ரெண்டு நாள்ல மாத்திக்கலாம். யாரு பாக்கப் போறா?" என்றேன். ஆறு கோட்டுக் கல்லை நானே எடுத்து அவர் பக்கத்தில் அடுக்கினேன். அவர் போட்டார். அன்றைக்கு மட்டும் வெறுங்காலோடு நடந்து பார்க்கவில்லை.

மறுநாள் ரிப்பன் வெட்டினார்கள். அதற்கு அடுத்த நாள் எங்களை நகரத்தின் மறுகோடியில் வேறு வேலைக்கு அனுப்பினார்கள். அந்தப் புள்ளிக் கல் எங்கே என்று மாமா தினமும் கேட்பார். நாளைக்கு எடுத்துட்டு வர்றேன் மாமா என்று தினமும் சொல்வேன். வேன் வேறு பக்கம் போயிருக்கும், அல்லது எனக்கு மறந்திருக்கும். இரண்டு நாள் பன்னிரண்டு நாளாயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலை அந்த விளிம்பிலிருந்து ஓர் அம்மா நேராகப் பஸ் தடத்தில் இறங்கிவிட்டார். ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர், பிறவியிலேயே பார்வை கிடையாது. முப்பது வருஷமாக வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாக வேலைக்குப் போய் வருகிறவர். டிரைவர் பிரேக்கை மிதித்ததால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பு உடைந்தது.

டீக்கடையில்தான் இதைக் கேட்டோம். மாமா கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். அன்று சாயங்காலமே ஆறு புள்ளிக் கல்லை எடுத்துக்கொண்டு போனோம். கோட்டுக் கல்லைப் பெயர்த்தோம், புள்ளிக் கல்லைப் பதித்தோம், கலவையின் ஈரம் தெரியாமல் மணலைத் தூவினோம். மணலைத் தூவச் சொன்னதும் நான்தான். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது எனக்கு. வெட்கக்கேடு.

மூன்றாம் நாள் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கல் சரியாக இருந்தது. காலுக்கடியில் கோடுதான் இருந்தது என்று அந்த அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவருடைய மகனைக் கூட்டிப் போய்ப் புள்ளிகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்களாம். பாதசாரியின் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட்டார்கள். "தப்பிச்சோம் மேஸ்திரி" என்று இன்ஜினியர் மாமாவின் தோளில் தட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

அதன் பிறகு மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமல் போனார். மொபெட் வாசலிலேயே நிற்கும், ஆள் இருக்க மாட்டார். அக்கா என்னை உளவு பார்க்க அனுப்பினாள். வாய்க்கால் பாதையில், அந்த விளிம்புக்கு எதிரே போட்ட சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா வந்தார். விபத்து நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, இடுப்பு தேறியிருந்தது. கையில் கோல் இல்லை. மகன் அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்தபடி வந்தான். பட்டையில் கல் மாறுகிற இடத்திலெல்லாம் அவர் நின்று, "இது கோடாப்பா, புள்ளியா?" என்று கேட்டார். புள்ளிம்மா, வாங்க என்று அவன் சலித்துக்கொண்டான். பத்தடி போனதும் மறுபடி நின்று கேட்டார். செருப்புக்குள் பாதம் துழாவுவது எங்களுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிகிறது, ஆனாலும் கேட்கிறார்.

அந்த அம்மா வேலையை விடப் போகிறார் என்று அவர் வீடு இருக்கும் குடியிருப்பின் காவலாளி சொன்னார். மகன் வற்புறுத்தவில்லையாம். என் கால் என்னை ஏமாத்திடுச்சு, இனி தனியா போகப் பயமா இருக்கு என்று அந்த அம்மாவே சொல்கிறாராம். மாதக் கடைசியில் கடிதம் கொடுக்கிறாராம்.

போய்ச் சொல்லிவிடலாம் என்றார் மாமா. நான் குதித்தேன். கேஸ் மூடியாச்சு, எலும்பு கூடியாச்சு, இனிமேல் சொல்லி யாருக்கு என்ன லாபம், வேலை போனால் அக்கா பிள்ளைகளை என்ன செய்வாள் என்று கத்தினேன். அக்கா பெயரைச் சொன்னேனே தவிர, நினைத்தது என்னைத்தான். மாமா முழுக்கக் கேட்டார்.

"எலும்பு கூடிடும் மாப்ளே. அந்தம்மா சொன்னது நெசம். அதைப் பொய்யாக்கினது நாம. இப்ப அவங்களே அவங்களை நம்பல" என்றார்.

மறுநாள் சாயங்காலம் போனோம். இரண்டாம் மாடி, சின்னக் கூடம், சாமான்கள் எல்லாம் சுவரோடு ஒட்டி இருந்தன. அந்த அம்மா கதவைத் திறந்தார், மகன் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மாமா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். கல் குறைந்தது, கோட்டுக் கல்லைப் போட்டது, விபத்தன்று சாயங்காலம் மாற்றியது எல்லாவற்றையும் சொன்னார்.

மகன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தான். அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். அந்த அம்மா கையை நீட்டி அவனை நிறுத்தினார்.

"அப்ப அன்னிக்கு என் காலுக்குக் கீழ இருந்தது கோடுதான்?"

"கோடுதாம்மா."

"நல்லா ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"என் கையால போட்டதும்மா."

அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எட்டு மாதமாகத் தன்னையே பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு மகன் பக்கம் திரும்பிக் கோலை எங்கே வைத்தாய் என்று கேட்டார். அவன் பீரோவுக்கு மேலிருந்து அதை எடுத்துக் கொடுத்தான். மாமாவை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதிகாரிகளிடம் இதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். கொடுக்கிறேன் என்றார் மாமா.

"இதுல வேற யாராவது இருந்தாங்களா?" என்று மகன் கேட்டான்.

"யாரும் இல்ல தம்பி. நான் மட்டுந்தான்" என்றார் மாமா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அந்த அம்மா என் மூச்சு வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். "கூட வந்தவர் ஒண்ணுமே பேசலையே?"

"நான் அவரு மச்சான்மா. சும்மா துணைக்கு வந்தேன்."

"இந்த மாதிரி காரியத்துக்குத் துணைக்கு வர ஆள் கிடைக்கிறது கஷ்டம்ப்பா. நல்லா இருங்க" என்று கும்பிட்டார்.

மாமா எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். காலியான மேஸ்திரி இடத்துக்கு, பதினொரு வருஷ அனுபவம் இருக்கிறது என்று என்னைப் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.