அவுக பேசிட்டாக... நாங்க பேசலாமா?

போன மாதம் ஒரு காலை. திருநகரில் வீட்டோடு சேர்ந்த என் ஆபீஸுக்கு ராசாங்கம் வந்தார். ஐம்பதை நெருங்குகிற ஆள். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் மல்லிகைத் தோட்டம். ஓர் அடிதடி வழக்கில் என் கட்சிக்காரர்.

வக்கீல் பாஷையில் வழக்கு கொடுக்கிறவர் எல்லாருமே கட்சிக்காரர்தான். ராசாங்கம் அசல் கட்சிக்காரரும்கூட... கரை வேட்டி, சட்டைப் பையில் தலைவர் படம்!

உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார்.

"டிவியில பாத்தீகளா சார்? ரெண்டு தலைவரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டாக. கூட்டணியாம். அவுக பேசிட்டாக... நாங்க பேசலாமா?"

'நாங்க' என்றால் அவரும் செல்லப்பாண்டியும்.

செல்லப்பாண்டி பக்கத்துத் தோட்டக்காரர். சின்ன வயதுக் கூட்டாளி. இரண்டு தோட்டத்துப் பூவையும் ஒரே வண்டியில் கட்டி மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொள்வார். கட்சி மட்டும் வேறு வேறு. வழியெல்லாம் அதை வைத்துக் கிண்டல்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தேர்தல் நேரத்தில், ஊர் முக்கில் யார் கொடிக்கம்பம் நடுவது என்று தகராறு. வாய்ப்பேச்சு கைகலப்பாகி, ராசாங்கத்துக்கு மண்டை உடைந்தது. செல்லப்பாண்டிக்குக் கை முறிந்தது. அந்தக் கூட்டத்தில் யார் யாரை அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கட்சிக்காரர்கள் கூட இருந்து புகார் எழுதினார்கள். இவர் புகாரில் அவர் முதல் குற்றவாளி. அவர் புகாரில் இவர்.

'என் தொண்டன் சிந்திய ரத்தத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்' என்று இரண்டு தலைவர்களும் மேடையில் முழங்கினார்கள். பதில்தான் இப்போது பந்தியில் பரிமாறப்பட்டிருக்கிறது!

பேசலாமா என்று ஏன் என்னிடம் கேட்க வேண்டும்? விசாரித்தேன். ஜாமீன் உத்தரவில், சாட்சிகளைக் கலைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. வழக்கமான வரிதான். எதிராளியிடம் வாயே திறக்கக் கூடாது என்று இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இத்தனை வருஷமும் அதனாலா பேசவில்லை என்று கேட்டேன்.

"அது ஒரு சாக்குதான் சார். ஆனா கெட்டியான சாக்கா இருந்துச்சு" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

கைகோத்துவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா? அதுதான் இல்லை. சில குற்றப் பிரிவுகளில், அடிபட்டவர் மன்னித்தாலும் அரசாங்கம் மன்னிக்காது. ஐகோர்ட் கிளைக்குப் போய், ரத்து செய்யுங்கள் என்று இருவரும் நேரில் நின்று கேட்க வேண்டும். பெரிய இடத்து வழக்குகள் ஆட்சி மாறினால் அரசு உத்தரவிலேயே கரைந்துபோவது உண்டு. பூக்காரர்களுக்காக ஆட்சி எங்கே மாறப்போகிறது?

செல்லப்பாண்டியின் வக்கீலிடம் பேசினேன். அவர் ஆளும் இதையே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

சமாதான மனு தயாரானதும் ராசாங்கத்துக்கு ஒரு போன். பேசியவர் அவருடைய கட்சியின் ஒன்றியப் பிரமுகர். இப்போது அவசரப்பட வேண்டாம், இந்தக் கூட்டணி எம்புட்டு நாள் நிற்குமோ தெரியாது, கேஸ் கையில் இருப்பது நல்லது என்றாராம். ராசாங்கம் போனை வைத்துவிட்டு மனுவில் கையெழுத்துப் போட வந்தார்.

விசாரணை நாளில் இருவரும் நீதிபதி முன் நின்றார்கள். நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம்... அத்தனை இடைவெளி. யாராவது வற்புறுத்தி சமாதானத்துக்குச் சம்மதித்தீர்களா என்று நீதிபதி கேட்டார். ராசாங்கம் இல்லை என்று தலையாட்டினார். செல்லப்பாண்டி கொஞ்சம் யோசித்தார்.

"சமாதானமாப் போகச் சொல்லி யாரும் சொல்லலைங்கய்யா. சண்டை போடத்தான் சொன்னாக."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். இரண்டு வழக்குகளும் ரத்து.

வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர்களோடு நடந்தேன். நிழலில் நின்றதும் செல்லப்பாண்டிதான் ஆரம்பித்தார்.

"எங்க ஆத்தா செத்தன்னைக்கு நீ தெரு முக்குல நின்னத பாத்தேன் மாப்ள. நீ வந்துருவேன்னு கொஞ்ச நேரம் பாடையத் தூக்க விடாம வச்சிருந்தேன்."

ராசாங்கம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் ஆத்தாதான்டா சோறு போட்டாக..." என்றார் கடைசியில்.

என் கையில் வழக்கை முடித்த மனு இருந்தது. அந்தச் சாவு வீட்டு வாசலுக்கு ஒரு மனிதனைத் திரும்பக் கூட்டிப்போக என்ன மனு போடுவது? எந்தக் கோர்ட்டில்? கருப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு என் காருக்கு நடந்தேன்.

கதவைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏற வேண்டிய மாட்டுத்தாவணி பஸ் வந்து நின்றது. உள்ளே இடமும் இருந்தது.

இரண்டு பேரும் ஏறவில்லை.