இரண்டு விரலும் 'க' பாஷையும்

சிறுவயதில் அக்காவும் நானும் 'க' பாஷை பேசுவோம். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' போட்டால் போதும். 'வாறன்' என்பது 'கவாகறகன்' ஆகிவிடும். பல வருடம் சிங்களம் படித்தும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லத் தெரியாத எனக்கு, இந்த உதவாத பாஷை மட்டும் தண்ணீர் பட்ட பாடு. மாங்காய்க் களவு, பரீட்சைப் புள்ளி எல்லாவற்றையும் அம்மாவின் முன்னாலேயே பேசித் தீர்ப்போம்.

போன வருடம் அது மறுபடி தேவைப்பட்டது. அம்மாவுக்குச் சீனி வருத்தம். இடது கால் விரல்களில் புண் ஆறவில்லை. டொக்டர் எங்கள் இருவரையும் தனியே அழைத்து, இரண்டு விரல்களை எடுக்கவேண்டும், பிந்தினால் காலே போகும் என்றார். அப்பா ஒப்பரேசனுக்குப் போனவர்தான், திரும்பவில்லை. தெரிந்தால் அம்மா வீட்டுப் படலையைத் தாண்டமாட்டார்.

ஆகவே மானிப்பாய் வீட்டில், அம்மா கட்டிலில் இருந்து முருங்கையிலை ஆய, ஐம்பத்தாறு வயது நானும் அறுபது வயது அக்காவும் பக்கத்தில் நின்று 'கக' என்று தொடங்கினோம். எந்த நாள், என்ன பொய் சொல்லிக் கூட்டிப்போவது என்பதெல்லாம் அதில்தான். எனக்கு வேகம் போய்விட்டது, கட்டுப்பல் வேறு. அக்கா ஒரே வசனத்தை மூன்று தரம் சொன்னாள். ஆனாலும் என் சாமர்த்தியத்தில் எனக்குப் பெருமைதான். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டது என்று நினைத்ததாம்.

அம்மா சுளகைத் தள்ளி வைத்தார்.

"தம்பி, எத்தினை விரல்?"

அக்காதான் முதலில் வாய் திறந்தாள். "அம்மா, உங்களுக்கு உந்தப் பாசை விளங்குமோ?"

"ஒண்டும் விளங்காது. நாப்பது வருசமா விட்ட பாசையை இப்ப எடுக்கிறியள் எண்டால் எனக்குத்தான் ஏதோ நடக்கப்போகுது. இவன் வந்ததில இருந்து என்ரை காலையே பாத்துக்கொண்டு நிக்கிறான். நேராச் சொல்லு."

சொல்லத்தான் முயன்றேன். தமிழும் வரவில்லை, 'க' பாஷையும் வரவில்லை, அழுகைதான் வந்தது. கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினேன்.

அம்மா அதைப் பார்த்தார். பயந்துதான் இருந்தார். பிறகு என் இரண்டு விரலையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனா நான் கண் முழிக்கேக்கை ரண்டு பேரும் பக்கத்தில நிண்டு தமிழில கதைக்கவேணும்."